நிற்க வைத்துப் பார்க்க வேண்டிய நோய்

பாலவனத்தம் பக்கம் யாருடைய காலில் ஆறாத புண் இருந்தாலும் அதற்கு ஒரு முள் கதை உண்டு. கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும்போது முள் ஏறியது, நூறு நாள் வேலையில் மண்வெட்டி பட்டது, ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் கட்டை கீறியது என்று தொடங்கும். கதையில் பொய் இல்லை. முள் குத்தத்தான் செய்தது. அதே காட்டில் அதே முள் பக்கத்து வீட்டுக்காரர் காலிலும் ஏறியது. அவருக்குப் பத்து நாளில் ஆறிவிட்டது. இவருக்கு மட்டும் ஒன்றரை வருடமாக ஏன் ஆறவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்காமலே களிம்பு மாறுகிறது, ஊசி மாறுகிறது, மருத்துவர் மாறுகிறார்.

என் பெரியம்மாவுக்கு இப்படி மூன்று வருடம் போயிற்று. இடது காலில், உட்பக்கக் கணுவுக்கு நாலு விரற்கடை மேலே, உள்ளங்கை அகலத்தில் புண். சர்க்கரை கிடையாது. புண்ணைச் சுற்றித் தோல் கருத்து, தடித்து, அரித்துக்கொண்டே இருந்தது. கரப்பான் என்று அதற்குத் தனி மருந்து ஓடியது. பார்த்தவர்கள் எல்லாரும் பெரியம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, சேலையைக் கெண்டைக்கால் வரை ஒதுக்கச் சொல்லி, புண்ணைத்தான் பார்த்தார்கள். நான்காவது வருடம் மதுரையில் ஒரு மருத்துவர்தான் "எழுந்து நில்லுங்கம்மா" என்றார். உடனிருந்த நர்ஸம்மா சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிப் பிடித்தார். தொடையின் உட்பக்கம் நெடுக, சுண்டுவிரல் தடிமனில், முறுக்கி முறுக்கி ஒரு நாளம் புடைத்து இறங்கியது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். "கடைசிப் பையன் பிறந்ததிலிருந்தே கெடக்கு. இதையும் காட்டணும்னு தெரியாதுங்க" என்றார் பெரியம்மா. அந்தப் பையனுக்கு அப்போது முப்பத்தோரு வயது.

கால் தோலுக்கடியில் ஓடும் சிரைகளின் கோளாற்றைக் கண்டறிவது பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த "எழுந்து நில்லுங்கம்மா"தான். இந்த நோயைப் பற்றி மருத்துவத்துக்குத் தெரியாதது குறைவு. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அறிவு இருக்கிறது, நல்ல கருவி இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. இருந்தும் நம் கரிசல் காட்டில் புண் வரும் வரை பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. நோயாளியை நிற்க வைத்து, இரண்டு காலையும் இடுப்பு வரை பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் இந்த நோய்க்கு "நரம்பு சுருட்டல்" என்று பெயர். மருத்துவத் தமிழில் நரம்பு என்றால் மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுபோகும் இழை. ஊர்த் தமிழில் அந்த இழையும் நரம்பு, கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு, குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரும் நரம்பு. யாழில் கட்டியதும் நரம்புதான். அகராதிகளும் இத்தனை பொருளையும் ஒன்றாகவே தருகின்றன. குளத்து நீர் வழியாக உடம்புக்குள் போய், காலில் கொப்புளம் கிளப்பி, நூல் போல வெளியே வரும் புழுவின் நோய்க்குக்கூட நாம் வைத்த பெயர் நரம்புச் சிலந்தி. அது நாட்டை விட்டே ஒழிந்துவிட்டதாக 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. நோய் போய்விட்டது, நரம்பு என்ற சொல்லின் குழப்பம் மட்டும் போகவில்லை.

1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவரும், 'அபிதான சிந்தாமணி' என்ற பெரும் கலைக்களஞ்சியம் அச்சேறத் துணை நின்றவருமான பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். சொல்லுக்குப் பொருள் தேடித் தொகுப்பதற்குப் பொருளைச் செலவழித்த ஊர் இது. சொல் மாறினால் மருந்தும் மாறிப்போகும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "நரம்புக் கோளாறு" என்று சொல்லிக்கொண்டு போகிறவருக்கு மருந்துக் கடையில் கிடைப்பது சத்து மாத்திரை. அல்லது நரம்பியல் மருத்துவரைத் தேடி நகரத்துக்குப் பயணம். சிலர் இடுப்பு எலும்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயைச் சிரை என்றும், இதயத்திலிருந்து கொண்டுவருவதைத் தமனி என்றும் சொல்கிறேன்.

காலில் சிரைகள் இரண்டு அடுக்கு. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுபவை பெரிய வேலையைச் செய்கின்றன; காலின் இரத்தத்தில் பெரும்பங்கு அவை வழியாகத்தான் மேலே ஏறுகிறது. தோலுக்கடியில் ஓடுபவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று உட்பக்கக் கணுவுக்கு முன்னால் தொடங்கி, முழங்காலின் உட்பக்கமாக ஏறி, தொடை இடுக்கில் ஆழச் சிரையோடு சேரும் பெரிய சஃபீனஸ் சிரை. மற்றொன்று வெளிப்பக்கக் கணுவுக்குப் பின்னால் தொடங்கி, கெண்டைக்காலின் நடு முதுகில் ஏறி, பெரும்பாலும் முழங்காலின் பின்குழியில் சேரும் சிறிய சஃபீனஸ் சிரை. இரண்டு அடுக்கையும் இடையிடையே இணைக்கும் துளைச் சிரைகளும் உண்டு. எல்லாவற்றிலும் உள்ளே வால்வுகள் இருக்கின்றன. மேலே போகும் இரத்தத்துக்கு வழி விட்டு, கீழே இறங்க வந்தால் மூடிக்கொள்ளும்.

அசையாமல் நிற்கும் ஒருவருடைய கணுக்காலில் சிரையின் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் இரத்தத் தூணின் பாரம் அது. நாலு எட்டு நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி ஆழச் சிரையைப் பிழியும், இரத்தம் மேலே ஏறும், வால்வு மூடும், அழுத்தம் 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதானால் பிழிந்து ஏற்றியது திரும்ப இறங்குகிறது. கண்மாய் மடையில் பலகை இற்றுப்போனால் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் தேங்காதல்லவா, அதுபோலத்தான். நடந்தாலும் அழுத்தம் குறையாது. ஆண்டுக் கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கணுக்கால் தோலில் இரத்த அணுக்கள் கசிந்து கறை படிகிறது, தோல் இறுகுகிறது, ஒரு முள் போதும் என்ற நிலைக்கு வருகிறது. படுத்துவிட்டால் தூண் சாய்ந்துவிடும், அழுத்தம் போய்விடும், புடைத்த சிரை அடங்கிவிடும். படுக்க வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு இதுதான் விடை.

வால்வுகளை 1603-இல் படத்தோடு விளக்கியவர் இத்தாலியின் பதுவா நகரத்து உடற்கூறு ஆசிரியர் ஃபாப்ரீசியஸ். அவை எதற்கு என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, கையில் கட்டுப் போட்டுச் சிரையை விரலால் நீவிப் பார்த்து, இரத்தம் ஒரு பக்கம்தான் போகிறது என்று கண்டு, 1628-இல் இரத்த ஓட்டத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒரு கயிறும் ஒரு விரலும்தான் கருவி. கால் சிரைக்கு வந்த பழைய பரிசோதனைகள் எல்லாம் அந்தக் கயிற்றின், விரலின் தொடர்ச்சியே.

அவற்றில் ஜெர்மனியின் ட்ரெண்டலென்பர்க் பெயரில் வழங்குவது இன்றும் மருத்துவ மாணவர்கள் தேர்வில் செய்து காட்டும் சோதனை. நோயாளியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி, சிரையில் உள்ள இரத்தத்தை வடியவிட்டு, தொடையின் மேல்பகுதியில் ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டி, எழுந்து நிற்கச் சொல்வார்கள். கட்டு இருக்கும் வரை சிரை காலியாக இருந்து, அவிழ்த்ததும் மேலிருந்து சரசரவென்று நிரம்பினால், தொடை இடுக்கில் உள்ள வால்வு பழுது. கட்டு இருக்கும்போதே கீழே நிரம்பினால், கசிவு துளைச் சிரைகளில். 1895-இல் வந்த பெர்த்தஸ் சோதனை கட்டோடு நடக்கச் சொல்லும். நடக்க நடக்கக் கால் வெடிப்பது போல வலித்தால் ஆழச் சிரை அடைபட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். இருமச் சொல்லித் தொடை இடுக்கில் விரல் வைத்து அதிர்வு பார்ப்பது ஒன்று. மேலே தட்டிக் கீழே அலை வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பது இன்னொன்று.

இந்தச் சோதனைகளை இன்று எவ்வளவு நம்பலாம்? ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இவற்றுக்குப் பெரிய மதிப்பெண் தரவில்லை. பருத்த காலில் சிரை தெரியாது, கட்டு இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். முழங்காலுக்குப் பின்னால் சிறிய சஃபீனஸ் சிரை எந்த உயரத்தில் ஆழச் சிரையோடு சேரும் என்பது பலருக்கும் வேறுபடுவதால் அங்கே இவை பெரும்பாலும் தோற்றுப்போகும். அறுவைக்கு இவற்றை மட்டும் நம்பக் கூடாது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இவற்றை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. கயிற்றுச் சோதனையைச் செய்யும் மருத்துவர் நோயாளியை நிற்க வைத்தாக வேண்டும், சேலையையோ வேட்டியையோ தொடை வரை ஏற்றச் சொல்லியாக வேண்டும், இரண்டு நிமிடமாவது காலைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். நோய் பாதி அப்போதே பிடிபட்டுவிடும்.

வெறும் கண்ணும் விரலும் எவ்வளவு சொல்லும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நல்ல வெளிச்சத்தில், இரண்டு நிமிடம் நின்ற பிறகு, முன்னாலும் பின்னாலும் பார்க்க வேண்டும். புடைப்பு தொடையின் உட்பக்கமிருந்து இறங்கினால் பெரிய சஃபீனஸ். கெண்டைக்காலின் முதுகில் மட்டும் என்றால் சிறிய சஃபீனஸைச் சந்தேகிக்கலாம். நேராக ஓடும் நாளம் நோயல்ல. வெயிலில் உழைத்துக் கொழுப்பில்லாத காலில் சிரைகள் நேராகப் புடைத்துத் தெரிவது இயல்பு. வளைந்து நெளிந்து முடிச்சு முடிச்சாக இருப்பதுதான் கோளாறு. நின்ற நிலையில் அளந்து 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதைப் புடைசிரை என்று உலக மருத்துவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரையறையிலேயே "நின்ற நிலையில்" என்ற சொல் இருக்கிறது. புடைசிரையைவிட மெல்லிய, சிலந்தி வலை போன்ற நீல, சிவப்புக் கோடுகள் அழகுக் குறை. அவற்றுக்காக யாரும் பயப்பட வேண்டாம்.

பிறகு கணுக்கால். மாலையில் வீங்கிக் காலையில் வடிகிறதா, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? தோல் கருத்திருக்கிறதா? பாடநூல்களில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் செம்மையும் பழுப்புக் கறையும் பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்திலும் கரிய நிறத்திலும் செம்மை தெரியாது, கறை தோலின் நிறத்தோடு கலந்துவிடும். ஆகவே நம் மருத்துவர்களும் செவிலியர்களும் கண்ணைவிட விரலை நம்ப வேண்டும். மற்ற காலோடு ஒப்பிட்டுச் சூடு இருக்கிறதா, தோல் பலகை போல இறுகியிருக்கிறதா, கிள்ளிப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நாள்பட்ட காலில் கணு சிறுத்து, கெண்டை பருத்து, கவிழ்த்த சுரைக்குடுக்கை போல வடிவம் வந்துவிடும். அந்த வடிவத்தைப் பார்த்த பிறகு புண்ணுக்கு முள் கதை கேட்கத் தேவையில்லை.

உபாதையை வைத்து மட்டும் நோயைச் சொல்ல முடியாது. கால் கனக்கிறது, உளைகிறது, இரவில் குரக்குவலி பிடிக்கிறது என்பவர்களில் பலருக்குச் சிரை நன்றாகவே இருக்கும். வலி முழங்கால் தேய்மானத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ வரும். எடின்பரோ நகரத்தில் பொது மக்களிடம் நடந்து 1999-இல் வெளிவந்த ஆய்வில் 18 முதல் 64 வயது வரையிலான ஆண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும், பெண்களில் முப்பத்திரண்டு பேருக்கும் தண்டுச் சிரைகள், அதாவது சஃபீனஸ் சிரைகளும் அவற்றின் பெருங்கிளைகளும், புடைத்திருந்தன. அவ்வளவு பரவலான ஒன்று ஒருவருடைய காலில் இருப்பதாலேயே அவருடைய வலிக்கெல்லாம் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நல்ல அடையாளம் உண்டு: சிரையின் வலி காலையில் குறைவு, பொழுது ஏற ஏறக் கூடும், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால் தணியும். காலைத் தூக்கினால் வலி கூடி, கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் தணிகிறதென்றால் அது தமனியின் வலி; அவசரம்.

இந்த வேறுபாட்டில் தவறினால் காலே போய்விடும். சிரைப் புண்ணுக்கு முதல் மருந்து இறுக்கமான அழுத்தக் கட்டு. தமனி அடைத்த காலுக்கு அதே கட்டு விஷம். நம் பகுதியில் பீடி குடிக்கும் ஆண்கள் ஏராளம். புகையிலையால் இளம் வயதிலேயே கால் தமனிகளை அடைக்கும் நோயை 1908-இல் லியோ பர்கர் விவரித்தார். அவர் பெயரிலேயே அது இன்று வழங்குகிறது. அந்த நோய் வந்தவர்களுக்குக் கெண்டைக்கால் நடந்தால் இழுக்கும், நின்றால் விடும், புண் விரல் நுனியில் வரும். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலில். தொழுநோயால் உணர்ச்சி இழந்த காலிலும் அங்கேதான். யானைக்கால் வீக்கம் பாதத்தின் மேல்பக்கத்தையும் விரல்களையும் பிடிக்கும், இரண்டாம் விரலின் அடித்தோலைக் கிள்ள முடியாது. சிரை வீக்கம் பாதத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கணுவில் நிற்கும். எதுவானாலும் கட்டுப் போடும் முன் பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதும், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பதும் கட்டாயம். அந்த எண் 0.9-க்குக் கீழே இறங்கினால் தமனியில் நோய் உண்டு, 0.5-க்குக் கீழே என்றால் அழுத்தக் கட்டே கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பல ஆண்டு ஆறாத புண்ணின் விளிம்பு மேடு தட்டி வளர்ந்தால் சிறிது சதை எடுத்துப் புற்றுநோய்க்குச் சோதிக்க வேண்டும்.

இனி ஸ்கேன். ஒலியலையால் குழாயின் உருவத்தையும், அதற்குள் இரத்தம் ஓடும் திசையையும் ஒருசேரக் காட்டும் டூப்ளெக்ஸ் கருவி 1970-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உருவாகி வளர்ந்தது. ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. இன்று இந்த நோய்க்கு இறுதிச் சாட்சி அதுதான். அது மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஆழச் சிரை திறந்திருக்கிறதா? தோலடிச் சிரையில் இரத்தம் பின்னோக்கி இறங்குகிறதா? இறங்கினால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை? ஆழச் சிரை அடைபட்ட காலில் புடைத்திருக்கும் மேல் சிரை இரத்தத்துக்கு மாற்று வாய்க்காலாக இருக்கக்கூடும். அதைப் போய் அடைத்தால் உள்ள வழியும் போய்விடும். அதனால்தான் முதல் கேள்வி முதலில்.

இரண்டாவது கேள்விக்கு நோயாளி நிற்க வேண்டும். பார்க்கும் காலை லேசாக மடித்து, பாரத்தை மறு காலில் போட்டு நிற்பார். கெண்டைக்காலை ஒரு கையால் பிழிந்து விடுவார்கள். பிழியும்போது இரத்தம் மேலே பாயும். விட்டதும் வால்வு மூட வேண்டும். மூடாமல் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் தோலடிச் சிரையில் கோளாறு. தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் உள்ள ஆழச் சிரைகளுக்கு அந்த அளவு ஒரு நொடி. நிற்க முடியாத முதியவர்களுக்குத் தலைப்பக்கம் உயர்த்திய மேசையில் பார்க்கலாம். சர்வதேச சிரை மருத்துவர் ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட உடன்பாடும் நிற்க வைத்தே பார்க்கச் சொல்கிறது.

நடப்பது என்ன? "வீனஸ் டாப்ளர்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு நோயாளி ஸ்கேன் மையத்துக்குப் போகிறார். படுக்க வைத்து, ஆழச் சிரையை அழுத்தி அழுத்திப் பார்த்து, "டிவிடி இல்லை" என்று எழுதித் தருகிறார்கள். அதாவது ஆழச் சிரையில் உறைகட்டி இல்லை. முதல் கேள்விக்கு மட்டும் விடை. நோயாளி அதை "ஒன்றும் இல்லை" என்று வாசித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். பெரியம்மாவிடமும் அப்படி ஒரு சீட்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் சமாதானம் ஆனோம். எதிர்ப்புறத் தவறும் நடக்கிறது. வலியே இல்லாத, தோல் கெடாத காலில் ஒரு சிறு பின்னோட்டத்தைக் காட்டி, உடனே லேசரால் சிரையை அடைக்காவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று பயமுறுத்துவது. இரண்டுமே அறம் அல்ல. பழுதான வால்வு இருந்தும் ஆயுள் முழுதும் புண் வராமல் வாழ்கிறவர்கள் ஏராளம்.

யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்பதைப் பிரிக்கத்தான் 1994-இல் ஹவாய்த் தீவில் கூடிய மருத்துவர்கள் ஒரு படிவரிசை வகுத்தார்கள். 2004-லும் 2020-லும் அதைத் திருத்தினார்கள். சுழியம் என்றால் வெளித் தோற்றத்தில் எதுவும் இல்லை, ஒன்று சிலந்திக் கோடுகள், இரண்டு புடைசிரை, மூன்று வீக்கம், நான்கு தோல் மாற்றம், ஐந்து ஆறிய புண், ஆறு ஆறாத புண். நம் ஊர்க்காரர்கள் மருத்துவரிடம் வருவது ஆறில். நாலில் வந்தால் போதும் என்பதே என் ஆசை. கரப்பான் என்று நாம் களிம்பு பூசும் இடம் பெரும்பாலும் அந்த நாலாம் படிதான்.

ஆறில் வந்தாலும் பயன் உண்டு. இங்கிலாந்தில் 450 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, சிரைப் புண் உள்ளவர்களுக்கு அழுத்தக் கட்டோடு பழுதான சிரையையும் முன்கூட்டியே அடைத்தால் புண் ஆறும் இடைநிலைக் காலம் 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைகிறது என்று காட்டியது. சிரையைக் கவனிக்காமல் கட்டு மட்டும் போட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் நூற்றுக்கு 28 பேருக்குப் புண் திரும்ப வந்தது, அறுவையும் செய்தவர்களுக்கு 12 பேருக்குத்தான் என்று 2004-இல் வந்த முந்தைய ஆய்வு சொல்கிறது. கண்டறிதலுக்கு இந்த எண்களில்தான் பொருள் இருக்கிறது.

யாரை முதலில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்த் தொழில்களே பதில். அருப்புக்கோட்டையின் குழித்தறியில் நெய்கிறவர் உட்கார்ந்து மிதிபலகையை மிதிக்கிறார். அவர் கெண்டைக்கால் அசைந்துகொண்டே இருக்கிறது. விசைத்தறிக்கும் நூற்பாலைக்கும் போன பிள்ளைகள் ஷிப்ட் முழுக்க நிற்கிறார்கள். விருதுநகர் பரோட்டாக் கடையில் மாஸ்டர் கல்லின் சூட்டுக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்கிறார். சூடு சிரையை இன்னும் விரிக்கும். டென்மார்க்கில் 12 வருடம் தொடர்ந்து பார்த்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்கும் பெண்கள் புடைசிரைக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை 2010-இல் 'அங்காடித் தெரு'வாக எடுத்த வசந்தபாலன் நம் விருதுநகர்க்காரர். கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018-இல் உட்காரும் உரிமை பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் வந்தது. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது அது. அதன்படி நாற்காலி போட்டாயிற்றா என்பதை ஒவ்வொரு கடையிலும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பரம்பரையும் பிள்ளைப்பேறும் வயதும் நிற்பதைவிடப் பெரிய காரணங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாய்க்கு இருந்து, மகளும் நிற்கிற வேலைக்குப் போனால், அந்த மகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு அவசரங்கள். புடைத்த சிரை திடீரென்று கயிறு போலக் கெட்டிப்பட்டு, சிவந்து, தொட்டால் வலித்தால் அதில் இரத்தம் உறைந்திருக்கிறது. தொடை இடுக்குக்கு அருகே என்றால் உறைகட்டி ஆழச் சிரைக்குள் நழுவலாம். அன்றைக்கே ஸ்கேன் வேண்டும். மற்றது, கணுக்காலில் கொப்புளம் போன்ற சிரை உடைந்து இரத்தம் பீறிடுவது. பதறிப்போய் மேலே துண்டால் இறுக்கிக் கட்டுகிறார்கள். சிரையில் அது இரத்தத்தைக் கூட்டும். உடனே படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, உடைந்த இடத்தில் சுத்தத் துணியை வைத்து விரலால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நின்றபடியோ நாற்காலியில் உட்கார்ந்தபடியோ இரத்தம் வடிந்து உயிர் போனவர்கள் உண்டு.

விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரத்தநாள அறுவைப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் நிற்க வைத்து இரண்டு காலையும் பார்க்கும் வழக்கத்தைச் சேர்த்தால் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம். பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியரும் ஒரு திரைச்சீலையும் இருந்தால் போதும். தொடையைக் காட்டக் கூச்சப்படும் தாய்மாரை நாம் குறை சொல்ல முடியாது. கூச்சமில்லாமல் காட்டுகிற இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பது மருத்துவமனையின் வேலை.

பெரியம்மாவுக்குச் சிரையை அடைத்து, வாரம் ஒருமுறை அழுத்தக் கட்டு மாற்றினார்கள். பதினோராவது வாரம் புண் மூடியது. இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அழுத்தக் காலுறை மாட்டிக்கொள்கிறார்.

இன்று மாலை வேலை விட்டு வரும் உங்கள் அம்மாவையோ அப்பாவையோ வாசல் வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லிக் காலைப் பாருங்கள். முறுக்கிய புடைப்போ, கணுவில் கருப்போ, தடிப்போ தெரிந்தால் புண் வரக் காத்திருக்காதீர்கள். மருத்துவர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போது, "நிற்க வைத்து, ரிஃப்ளக்ஸ் (பின்னோட்டம்) பார்க்கவும்" என்று அதில் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள்.